பட்டினி கிடந்த குதிரைக்கு முதல் பத்து நாள்

விலா எலும்பை எண்ணிவிடலாம் என்கிற நிலையில் ஒரு குதிரை வீட்டுக்கு வந்தால், எல்லார் கையும் முதலில் தீவனச் சாக்குக்குத்தான் போகும். ஒருவர் ஊறவைத்த கொள்ளு கொண்டுவருவார், இன்னொருவர் கம்பங்கூழ் கரைத்து வைப்பார், பக்கத்து வீட்டிலிருந்து வெல்லம் வரும். குதிரையும் ஆவலாகத் தின்னும். இரண்டு நாள் தெளிவாக இருக்கும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ உடம்பு நடுங்கி, கால் தள்ளாடி விழும். பிறகு எழுந்திருக்காது. வந்த அன்று நின்றுகொண்டிருந்த குதிரை, தின்னத் தொடங்கிய பிறகு ஏன் செத்தது என்று ஒருவருக்கும் விளங்காது.

இதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். தமிழில் மறுஊட்ட நோய்க்குறி எனலாம். மனிதர்களிடமும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போர் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட கைதிகள் பலர், வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்த சில நாட்களில் இறந்தார்கள். குதிரை வளர்ப்பில் புதியவர் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், மற்றதெல்லாம் பொறுமையும் வேலையும்தான். ஆகவே அதை முதலில் பார்த்துவிடுவோம்.

தீனி கிடைக்காத குதிரை முதலில் தன் கொழுப்பை எரிக்கும். அது தீர்ந்ததும் தசையைக் கரைத்துப் பிழைக்கும். தொடை, முதுகுச் சதை மட்டுமல்ல, குடல் சுவரும் இதயத் தசையும்கூட மெலியும். இந்தக் காலத்தில் இன்சுலின் மிகக் குறைவாகவே சுரக்கும். செல்களுக்குள் இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவையும் மெல்ல மெல்லக் காலியாகும். ஆனால் இரத்தப் பரிசோதனையில் அவை பெரும்பாலும் சரியான அளவில்தான் தெரியும். அதனால் முதல் நாள் அறிக்கையைப் பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்று இருந்துவிடக் கூடாது.

இந்த நிலையில் கம்பு, சோளம், அரிசிக்கஞ்சி, வெல்லம் என்று மாவுச்சத்தோ சர்க்கரையோ உள்ளே போனால், இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறி இன்சுலின் திடீரென்று பாயும். இன்சுலின் குளுக்கோஸைச் செல்லுக்குள் தள்ளும்போது, இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் இல்லாமல் எந்தச் செல்லாலும் ஆற்றலை உண்டாக்க முடியாது. பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். மூச்சு விடும் தசையும் சோர்ந்துபோகும். குதிரையை வீழ்த்துவது இதுதான்.

கிராமத்தில் மெலிந்த மாடோ குதிரையோ கண்டால் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க' என்று கேட்பது வழக்கம். நல்லெண்ணத்தில் கேட்பதுதான். ஆனால் நரம்பு வழியாக நேரே போகும் குளுக்கோஸ், வாய் வழியாகப் போகும் கஞ்சியைவிட வேகமாக இதே வேலையைச் செய்யும். நீர்ச்சத்துக்காக மருந்து ஏற்ற வேண்டியிருந்தால் எந்தத் திரவம், எவ்வளவு வேகம் என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். வீட்டுக்காரர் கேட்டு வாங்க வேண்டியது இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் பரிசோதனை. அதையும் ஒருமுறை பார்த்தால் போதாது, முதல் வாரத்தில் இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். தயமின் (வைட்டமின் பி1) ஊசி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். உள்ளூர் மருத்துவருக்கு மாடு, ஆடு பழகிய அளவுக்குக் குதிரை பழகியிராது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் குதிரை பார்ப்பவரிடம் அவர் தொலைபேசியில் கலந்துகொள்ளச் சொல்வதில் தவறே இல்லை.

எவ்வளவு மெலிந்திருக்கிறது?

கண்ணால் பார்த்துச் சொல்வது ஏமாற்றும். குளிர்காலத்தில் மயிர் நீண்டு வளர்ந்த குதிரையும், வயிற்றில் புழுவோ சக்கைப் புல்லோ நிறைந்த குதிரையும் இருப்பதைவிடத் தேறியதாகத் தெரியும். கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். 1983-இல் டெக்சாஸில் டான் ஹென்னெக்கி வகுத்த 1 முதல் 9 வரையான உடல்நிலை மதிப்பெண்ணை உலகில் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். கழுத்து, திமில்மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்புமுதுகு, வால் அடி என்று ஆறு இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விலா கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் 5. முதுகெலும்பு முள்முள்ளாகத் துருத்தி, இடுப்பெலும்பு இரண்டும் கொக்கிபோல் நின்று, வாலைச் சுற்றிக் குழி விழுந்து, தோலுக்கும் எலும்புக்கும் நடுவே எதுவுமே இல்லை என்றால் 1. இந்தக் கட்டுரை சொல்லும் எச்சரிக்கையெல்லாம் 1, 2 மதிப்பெண் குதிரைக்கு. 3 என்றாலும் எத்தனை நாள் பட்டினி என்று தெரியாவிட்டால் அதே கவனம் வேண்டும்.

எடைமேடை வீட்டில் இருக்காது. தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவைச் சென்டிமீட்டரில் எடுங்கள். தோள்முனையிலிருந்து பின்புட்ட எலும்பு முனை வரை நீளம் எடுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 150, நீளம் 148 என்றால் சுமார் 280 கிலோ. நன்றாகத் தேறினால் 350 கிலோ இருக்க வேண்டிய உருவம் அது. மிக மெலிந்த உடம்பில் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் ஒரே ஆள், ஒரே நாடா, ஒரே நேரம் என்று வாரம் ஒருமுறை அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பிசகாது. முதல் நாளே நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ்ப் புகார் தர நேர்ந்தாலும் அது உதவும்.

உடல் எடையில் பாதியை இழந்துவிட்ட குதிரை பிழைப்பது அரிது. படுத்து மூன்று நாளுக்கு மேல் எழ முடியாததும் அப்படித்தான். அந்த நிலையில், வலியில்லாமல் விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் மனம் திறந்து பேசுவதும் அந்த உயிருக்குச் செய்யும் உதவிதான்.

குதிரைமசால்

லூசர்ன் எனப்படும் அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிருக்குத் தமிழில் குதிரைமசால் என்று பெயர் வைத்தவர்கள் காரணமாகத்தான் வைத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கேரலின் ஸ்டல் என்பவரும் அவருடன் ஆய்ந்தவர்களும், நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைகளுக்கு ஒரே அளவு ஆற்றல் தரும் மூன்று வகைத் தீனியைக் கொடுத்து ஒப்பிட்டு 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். குதிரைமசால் உலர்தீவனம்தான் சிறந்தது என்று தெரிந்தது. அதில் மாவுச்சத்து மிகக் குறைவு, ஆகவே இன்சுலின் துள்ளாது. புரதம் நிறைய. பாஸ்பரஸும் மெக்னீசியமும் கூடவே வருகின்றன. எது தீர்ந்துபோயிருக்கிறதோ அதையே அது கொண்டுவருகிறது.

அந்த ஆய்விலிருந்து வந்த அட்டவணை 450 கிலோ உருவக் குதிரைக்கானது. முதல் மூன்று நாள், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ உலர்ந்த குதிரைமசால். இரவிலும்தான். ஆறு வேளை, நாளுக்கு மூன்று கிலோவுக்குள். நான்காம் நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கூட்டி, வேளையின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஆறாம் நாள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கிலோ என்ற கணக்கு வரும். பத்தாம் நாளுக்குப் பிறகு, காலை மாலை இரு வேளையும் அது தின்கிற அளவு போடலாம். நம் ஊர்க் குதிரை 350 கிலோ உருவம் என்றால் முதல் மூன்று நாள் வேளைக்கு 400 கிராம், ஆறாம் நாள் வேளைக்கு ஒன்றரைக் கிலோ என்று இறக்கிக்கொள்ளுங்கள். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், ஒரு தொங்கு தராசு வாங்கிவிடுங்கள். பையில் கட்டித் தொங்கவிட்டு நிறுத்தால் போதும்.

400 கிராம் உலர்தீவனம் எவ்வளவு என்று தெரியுமா? இரண்டு கைகளாலும் ஒருமுறை அள்ளினால் வருகிற அளவு. சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு அது தொட்டியை நக்கும், உங்களைப் பார்த்துக் கனைக்கும், காலால் தரையைக் கிளறும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் மனம் இளகிவிடுகிறது. முதல் மூன்று நாள் தீனிக்குப் பொறுப்பு ஒருவர்தான் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டு, மற்றவர் யாரும் எதுவும் கொடுக்காதபடி லாயத்தில் ஒரு பலகையும் எழுதித் தொங்கவிடுங்கள். குழந்தைகள் கேரட், வாழைப்பழம் கொண்டுவருவார்கள். அவர்களைத் தண்ணீர் வைக்கும் வேலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

உலர்ந்த குதிரைமசால் கிடைக்காத ஊரில் பச்சையாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். பச்சையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகவே 400 கிராம் உலர்தீவனத்துக்குச் சுமார் ஒன்றே முக்கால் கிலோ பச்சை ஈடு. அறுத்ததும் அப்படியே போடாமல் நிழலில் பரப்பி ஒரு நாள் வாடவிட்டுப் போடுங்கள். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். பூசணம் பிடித்த தீவனம் குதிரைக்கு நஞ்சு. மாடு தாங்குவதைக் குதிரை தாங்காது, அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. குதிரைமசால் துகளாகவோ உருண்டையாகவோ வந்தால் தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்துப் போடுங்கள். பல் போன கிழட்டுக் குதிரைக்கும் அதுவே வசதி.

வைக்கோல் மட்டும் போட்டு ஒப்பேற்றலாம் என்று நினைக்க வேண்டாம். வயிறு ரொம்பும், சத்து இருக்காது. மெல்ல மாட்டாத குதிரைக்குக் குடலில் அடைத்துக்கொள்ளவும் செய்யும். கம்பு நேப்பியர் புல்லை மட்டுமே நம்புவதும் சரியில்லை. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. அதோடு தவிடும் தினம் போட்டால், தவிட்டின் மிகைப் பாஸ்பரஸ் சேர்ந்து மாதக்கணக்கில் முகத்தெலும்பு வீங்கி நொண்டிப்போகும். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் பக்கமே போக வேண்டாம். அவற்றில் சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து, குதிரையின் இதயத் தசையைக் கொஞ்ச அளவிலேயே சிதைத்துவிடும்.

தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். வறண்டு வந்த குதிரை ஒரே மூச்சில் வாளி வாளியாகக் குடிக்கப் பார்த்தால் மட்டும், முதல் மணி நேரம் நாலைந்து லிட்டராகப் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் கொடுத்துவிட்டுப் பிறகு தொட்டியை நிரப்பிவிடுங்கள். சாதாரணக் கல்லுப்பைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே நக்கிக்கொள்ளும். தீனியில் கலந்து திணிக்க வேண்டாம்.

முதல் பத்து நாள் கவனிக்க வேண்டியது

காலையும் மாலையும் உடல் வெப்பம், நாடி, மூச்சு மூன்றையும் குறித்து வையுங்கள். வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16 என்பது ஓய்விலிருக்கும் பெரிய குதிரையின் இயல்பு. தாடை எலும்பின் உட்புற ஓரத்தில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். இலத்தி எத்தனை முறை, எப்படி என்பதையும் எழுதுங்கள். உருண்டை உருண்டையாக, ஈரப்பதத்தோடு இருந்தால் நல்லது. நாள் முழுக்க இலத்தியே இல்லை, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, உருள்கிறது என்றால் வயிற்றுவலி. உடனே அழையுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து நீங்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். தோள், தொடைத் தசை துடிப்பது, நடை தள்ளாடுவது, நாடி விட்டுவிட்டு அடிப்பது, படுத்திருக்கையிலும் மூச்சு வாங்குவது, கால்களும் அடிவயிறும் வீங்குவது ஆகியவைதான் இரத்தத்தில் தாதுக்கள் சரிவதன் அடையாளம். தீனியைக் கூட்டியதும் இவை வந்தால் முந்தைய அளவுக்கு இறங்கிவிட்டு, மருத்துவர் வரும்வரை வேறெதுவும் கொடுக்காதீர்கள். முற்றாகத் தீனியை நிறுத்துவதும் கூடாது.

படுத்துவிட்ட குதிரைக்குத் தடிமனான படுக்கை வேண்டும். மரத்தூளோ உமியோ போடலாம், வெறும் மணலில் தீனி போட்டால் மணலையும் சேர்த்து விழுங்கி வேறு தொல்லை வரும். 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் புரட்டாவிட்டால் எலும்பு முனைகளில் தோல் புண்ணாகும். உடம்பில் கொழுப்பே இல்லாததால் குளிரைத் தாங்காது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடத்தில் இரவு போர்வை கட்டாயம். சமவெளியில் நிழலும் காற்றோட்டமும்தான் முக்கியம்.

மெலிவுக்கு வேறு காரணம் இருக்கிறதா?

தீனி இல்லாததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நன்றாகத் தின்றும் தேறாத குதிரை உண்டு. ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய் நம் நாட்டில் ஒரு முக்கியக் காரணம். விட்டுவிட்டுக் காய்ச்சல், வெளிறிய ஈறு, அடிவயிற்று வீக்கம், பின்னங்கால் தளர்ச்சி என்று பட்டினியைப் போலவே தோன்றும். காய்ச்சல் இருக்கும்போது எடுத்த இரத்தத்தில் கிருமி தெரிய வாய்ப்பு அதிகம்.

கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் அதைவிடக் கவலைக்குரியது, மனிதருக்கும் தொற்றும். மூக்கில் கெட்டியான மஞ்சள் சளி, தோலில் வரிசையாகக் கட்டிகள், உடைந்து ஆறாத புண் ஆகியவை தெரிந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படியும் கடமை. இரத்த மாதிரியை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் பரிசோதிக்கிறார்கள். அந்தியூர் சந்தை போல ஊர் ஊராகக் குதிரை கூடும் இடத்திலிருந்து வாங்கியதானாலும், தெருவில் திரிந்து மீட்டதானாலும், மூன்று நான்கு வாரம் மற்ற குதிரைகளிடமிருந்து தனியாகவே கட்டுங்கள். வாளி, தூரிகை, கயிறு எல்லாம் தனி.

பல்லையும் பார்க்க வேண்டும். குதிரைப் பல் ஆயுள் முழுக்க வெளியே வந்துகொண்டே இருக்கும், ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். தேய்மானம் சீராக இல்லாவிட்டால் ஓரம் கத்திபோல் கூர்ந்து கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும். மென்று உருட்டிய புல்லைத் தொட்டியோரம் துப்பியிருப்பதும், இலத்தியில் நீள நீளமாக நார் இருப்பதும் அதற்கு அறிகுறி. ஆனால் அரம் போட்டு ராவுவதற்கு மயக்க ஊசி வேண்டும். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்த தீனியில் ஓட்டிவிட்டு, உடம்பு நிலைத்த பிறகு செய்வது நல்லது.

பூச்சி மருந்திலும் அவசரம் ஆகாது. முதலில் இலத்தியில் முட்டை எண்ணிக்கை பாருங்கள். நிறையப் புழுக்கள் ஒரே நாளில் செத்தால் குடல் அழற்சியாகும், குட்டிக்குக் குடல் அடைத்துக்கொள்ளவும் கூடும். மாக்சிடெக்டின் என்ற மருந்து மெலிந்த குதிரைக்கு வேண்டவே வேண்டாம். அது உடல் கொழுப்பில் சேர்ந்து மெல்ல வெளியேறும் வகை. கொழுப்பில்லாத உடம்பில் மூளைக்கு ஏறிவிடும். எந்த மருந்து, எப்போது, என்ன அளவு என்பதை எடைக் கணக்கோடு மருத்துவரிடம் கேளுங்கள்.

குளம்பு நீண்டு சுருண்டிருந்தாலும் ஒரே நாளில் வெட்டிச் சரியாக்கப் பார்க்காதீர்கள். மூன்று காலில் நிற்கவே அதற்குத் தெம்பிருக்காது. ஒரு காலைச் சில நிமிடம், பிறகு ஓய்வு என்று பல தவணையில் செய்யும்படி லாடக்காரரிடம் சொல்லுங்கள். டெட்டனஸ் குதிரையை எளிதில் பிடிக்கும். புண் இருந்தால் முதல் நாளே அதற்கான ஊசி பற்றிப் பேசிவிடுங்கள். பெண் குதிரையானால் சினையா என்று பார்ப்பதும் அவசியம். பதினோரு மாதச் சினை, மெலிந்த உடம்பில் வெளியே தெரியாமல் இருக்கும்.

தேறுகிற மாதங்கள்

முதல் மாதம் முழுக்கத் தானியம் இல்லை. அதற்குப் பிறகும் இலத்தி சரியாக இருந்து, எடை ஏறிக்கொண்டிருந்தால் மட்டும் ஊறவைத்து வேகவைத்த கொள்ளு 200 கிராமில் தொடங்கலாம். வாரத்துக்கு 100, 200 கிராம் கூட்டி ஒரு கிலோவோடு நிறுத்துங்கள், அதையும் இரு வேளையாகப் பிரியுங்கள். பச்சைக் கொள்ளில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, வெந்தால் போய்விடும். எண்ணெய் சேர்ப்பது மாவுச்சத்தில்லாமல் ஆற்றல் தரும் நல்ல வழி. தவிட்டெண்ணெயோ கடலையெண்ணெயோ நாளுக்கு 30 மில்லியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 200 மில்லி வரை ஏற்றலாம். முதல் பத்து நாளில் எண்ணெய் ஏன் கூடாதென்றால், அதில் பாஸ்பரஸும் இல்லை மெக்னீசியமும் இல்லை. வேகமாகத் தேற்றவேண்டுமென்று தானியத்தை ஏற்றினால் குளம்பழற்சி வரும். குளம்பு சூடாகி, முன்னங்காலில் பாரம் தாங்காமல் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். அந்தக் குதிரை பிறகு வாழ்நாளெல்லாம் நொண்டலாம்.

எடை ஏறும் விதம் புதியவர்களைக் குழப்பும். முதல் இரண்டு வாரத்தில் வயிறுதான் பெருக்கும், விலா அப்படியே தெரியும். அது புல்லும் தண்ணீரும். அடுத்து விலாமேல் கொஞ்சம் மூடும், பிறகு வால் அடி. முதுகும் கழுத்தும் கடைசி, ஏனென்றால் அங்கே போனது தசை. தசைக்குப் புரதம் மட்டும் போதாது, நடையும் வேண்டும். ஒரு மாதத்துக்குப் பின் கையில் பிடித்துப் பத்து நிமிடம் சமதளத்தில் நடத்துவதில் தொடங்குங்கள். சவாரி, வண்டி எதுவும் 5 மதிப்பெண் வரும்வரை இல்லை. அதற்கு மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும், பழைய கிழட்டு உடம்புக்கு இன்னும் கூடும். மார்வாரி, கத்தியவாரி இனங்கள் இயல்பிலேயே ஒல்லி. அவற்றை 6, 7 வரை கொழுக்க வைக்கப் பார்க்க வேண்டாம்.

இரண்டாம் மாதத்தில் இன்னொரு மாற்றம் வரும். வந்தபோது தலை தொங்கி, யார் தொட்டாலும் நின்ற குதிரை தீனி வேளையில் காதை மடக்கிப் பல்லைக் காட்டும், பின்னங்காலைத் தூக்கும். அது கெட்டுப்போகவில்லை, தெம்பு வந்திருக்கிறது. பட்டினி கிடந்த உயிர் தன் தொட்டியைக் காக்கிறது. அந்த நாளிலிருந்து தீனியை வேலிக்கு வெளியே நின்றே போடுங்கள், பின்புறமாகப் போவதை விடுங்கள், குழந்தைகளை லாயத்துக்குள் தனியாக அனுப்பாதீர்கள். தினமும் அதே நேரத்தில் அதே அளவு வந்துகொண்டிருந்தால் சில வாரத்தில் காது முன்னுக்கு வரும்.